புசா ரோட்டில் சாமந்தி

தில்லியில் மலர்கள் மிகுதியாகப் பூக்கும் காலம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் மாசி, பங்குனி என்று விடை கூறுவர். அது உண்மையே. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைப் பொதுமக்கள் வரிசையில் நின்று பார்ப்பதும் அந்நாட்களில்தான். ஆனால் அப்பருவத்து மலர்களுள் பெரும்பாலானவை ஓராண்டுச் செடிகளின் மலர்கள். ஐப்பசியில் விதைத்து, பங்குனி வெயிலில் கருகி, சித்திரை முடிவதற்குள் குப்பைக்குப் போய்ச் சேர்பவை. அவற்றுக்கு முன்னதாக, தோட்டத்தில் வேறு நிறமே இல்லாத கார்த்திகை, மார்கழி மாதங்களில், ஆண்டு முழுவதும் உயிரோடிருந்து காத்திருந்த ஒரு செடி மஞ்சள் மஞ்சளாகப் பூக்கிறது. அதுவே சாமந்தி, செவ்வந்தி என்றும் சொல்வோம். தில்லியில், சிறப்பாகப் புசா ரோட்டையும் கரோல்பாகையும் சூழ்ந்த சிறு வீடுகளில், அதனை வளர்ப்பது எப்படி, அதிலுள்ள இடர்ப்பாடுகள் யாவை என்பது குறித்தே நேயர்களுடன் பேசக் கருதுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றிய ஒரு தெளிவு வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் தில்லிப் பூக்கடையில் கையைக் காட்டிக் கேட்டால், கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் கேந்தா. தீபாவளியன்று இங்கே வாயில்தோறும் தோரணமாகத் தொங்குவதும் அதுவே. நம் நெல்லைச் சீமையில் அதனைக் கேந்தி என்பர். மற்றப் பகுதிகளில் துலுக்கச் சாமந்தி என்பர். அது மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. விதையில் முளைத்து ஓராண்டில் முடிந்துவிடுவது. நாம் பேசுகின்ற சாமந்திக்கு இங்கே குல்தாவுதி என்று பெயர். அதன் பிறப்பிடம் சீனம். சீனத்திலும் ஜப்பானிலும் அதற்குள்ள மதிப்புப் பெரிது. ஜப்பானியப் பேரரசரின் இலச்சினையே பதினாறு இதழ்ச் சாமந்திதான். மேலைநாட்டுத் தாவரவியலார் கிரேக்க மொழியிலிருந்து அதற்குப் பொன்மலர் என்று பொருள்படும் கிரிசாந்திமம் என்ற பெயரைச் சூட்டினர். இன்று வெள்ளையும் ஊதாவும் செம்பழுப்புமாக நூற்றுக்கணக்கான வகைகள் இருப்பினும், பெயர் மட்டும் மஞ்சளையே நினைவில் வைத்திருக்கிறது. நம் இல்லத்தரசிகளும் அவ்வாறே. வெள்ளைச் சாமந்தியைப் பூசையில் வைப்பார்கள். ஆயினும் மஞ்சளைக் கண்டால்தான் முகம் மலர்வார்கள்.

இன்னொன்றும் கூறவேண்டும். சாமந்தியின் இதழ் என்று நாம் கிள்ளிப் போடுவது இதழன்று. ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. சூரியகாந்தியைப் போலவே இதுவும் பல பூக்கள் ஓரிடத்தில் கூடி ஒரே பூவாகத் தோன்றும் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான சொல் தேடுவதே நாள் முழுதும் நம் தொழிலாக இருப்பதால், தோட்டத்திலும் அப்பழக்கம் விடுவதில்லை. பல பருவங்கள் வாழும் செடியைப் பல்லாண்டுச் செடி என்று எழுதுகிறோம். நல்ல சொல்தான். ஆனால் பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்திவிட்டால் போதாது. தில்லியில் ஒரு செடி பல்லாண்டு வாழ வேண்டுமானால் முதலில் அது ஒரு வைகாசியைத் தாண்டியாக வேண்டும். சாமந்தி வளர்ப்பின் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

புசா ரோடு என்ற பெயரும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியதே என்பதை அறிந்தால் நம்மவர் மகிழ்வர். புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். 1905-ஆம் ஆண்டில், ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையைத் துணைக்கொண்டு, அங்கே ஒரு வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தில் அதன் கட்டடம் பாழாயிற்று. 1936-இல் கழகம் தில்லிக்கு இடம் மாறியது. ஆட்களும் நூல்களும் வந்ததோடு ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது. இன்றைய இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இதன் இயக்குநராக இருந்தார். கோதுமைக்கும் நெல்லுக்கும் பெயர் பெற்ற இந்நிறுவனம் மலர்களையும் மறக்கவில்லை. சுவாமிநாதனுக்கு முன் இயக்குநராயிருந்த பி. பி. பால் ரோஜா வகைகளை உருவாக்குவதில் புகழ் பெற்றவர். சாமந்தியிலும், காமாக் கதிர்களைச் செலுத்திப் புதிய வகைகளை இங்கே பெற்றிருக்கிறார்கள். புசா சென்டினரி என்பது அவ்வாறு கிடைத்த மஞ்சள் வகை. புசா அன்மோல் என்பது நாளின் நீளத்தையும் வெப்பத்தையும் பெரிதும் பொருட்படுத்தாமல் ஆண்டில் மும்முறை பூக்கும் வகை.

நாளின் நீளத்துக்கும் பூவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதுதான் சாமந்தியின் இரகசியம். 1920-ஆம் ஆண்டில், அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இரு அறிஞர்கள், சில செடிகள் பூப்பதும் பூக்காததும் பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்தது என்று நிறுவினர். பின்னர் வந்தோர், செடி உண்மையில் அளப்பது பகலையன்று, இரவையே என்று கண்டனர். சாமந்தி நெடிய இரவை வேண்டும் செடி. பொதுவாக, ஒளிப்பொழுது ஏறத்தாழப் பதினான்கரை மணி நேரத்திற்குக் குறைந்தால் அதில் மொட்டு அரும்பும்; பதின்மூன்றரை மணி நேரத்திற்குக் குறைந்தால் அம்மொட்டு வளர்ந்து விரியும். வகைக்கு வகை இக்கணக்கு மாறுவதுண்டு. தில்லியில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் எழுவதற்கும் மறைவதற்கும் இடையே ஏறத்தாழ 14 மணி நேரம். டிசம்பரில் 10 மணி 20 நிமிடம். விடியலும் அந்தியும் தரும் மங்கிய வெளிச்சத்தையும் சேர்த்துக் கொண்டால் கோடையில் இன்னும் கூடும். எனவே செடி கோடை முழுதும் இலையாகவே வளர்கிறது, ஆவணி, புரட்டாசியில் இரவு நீளத் தொடங்கியதும் உள்ளுக்குள்ளே மொட்டுக்கு ஆயத்தம் செய்கிறது, கார்த்திகையில் விரிகிறது. சென்னையிலோ கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. அங்கே எந்த மாதத்திலும் பகல் 13 மணியைத் தாண்டுவதில்லை. ஆதலின், நிலக்கோட்டையிலும் தருமபுரிப் பக்கத்திலும் உழவர் நட்ட மூன்று நான்கு மாதங்களில் பூப்பறிக்கத் தொடங்குகின்றனர். பறித்து முடிந்தபின் தண்டை அறுத்துவிட்டு மறுதாம்புப் பயிரும் எடுக்கின்றனர். அதே செடி அங்கே அவ்வளவு எளியது; இங்கே ஆண்டு முழுவதும் காத்திருக்கச் செய்வது.

காத்திருப்பதற்கும் பயன் உண்டு. சென்னை வெயிலில் சில நாட்களில் தளரும் பூ, தில்லியின் குளிரில் செடியிலேயே வாரக் கணக்கில் நிற்கும். இலக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் டிசம்பரில் சாமந்திக் கண்காட்சி நடத்துகிறது. சண்டிகரில் 33-ஆம் செக்டார்த் தோட்டத்திலும் நடக்கிறது. வடநாட்டுக் குளிரில் இருப்போர் அவற்றில் ஒன்றையேனும் ஒருமுறை கண்டு வரவேண்டும். தென்னாட்டில் சரம் சரமாகவே பார்த்துப் பழகிய பூ, ஒரே தண்டில் ஒரு தட்டளவு விரிந்து நிற்பதைக் காணும்போது, இதுவா அது என்று தோன்றும்.

இனி வளர்க்கும் முறை. மார்கழி முடிந்து பூ வாடியதும், தண்டைத் தரையிலிருந்து அரை அடி விட்டு வெட்டிவிட வேண்டும். சில வாரங்களில் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் எழும். மாசியில் அவற்றை வேரோடு பிரித்துச் சிறு தொட்டிகளில் நட்டால் அவையே தாய்ச் செடிகள். தண்டை வெட்டிய தொட்டி பார்ப்பதற்கு வறண்ட குச்சியாக இருக்கும். வேலைக்கு வரும் மாலி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவ்விடத்தில் பெட்டூனியா வைத்துத் தருவதாகச் சொல்வார். அவர் கையைத் தடுத்து நிறுத்துவதே சாமந்தி வளர்ப்பில் முதற்பணி.

அடுத்தது கோடை. பங்குனி இறுதியிலிருந்து ஆனி வரை, நாம் மேலே குறிப்பிட்ட வைகாசியை நடுவாகக் கொண்ட மூன்று மாதம். தில்லியின் வெயில் 40 பாகையைத் தாண்டும். லூ என்னும் அனற்காற்று வீசும். புசா ரோட்டை ஒட்டிய சந்துகளில் மாடிக் கைப்பிடிச் சுவர்கள் மாலை வரையில் அடுப்புக் கல்லாக இருக்கும். தொட்டியைச் சுவர் மேலோ சிமெண்டுத் தரையிலோ வைத்தால் வேர் வெந்துவிடும். கிழக்கு நோக்கிய இடமே நல்லது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டால் போதும். தொட்டிகளை நெருக்கி, அடியில் செங்கல் வைத்து, மண்ணின் மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ இரண்டு அங்குலம் பரப்ப வேண்டும். காலையில் ஒரு முறை நன்றாக நீர் விட்டு, மாலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தேவையானால் மட்டும் விடலாம். உச்சி வெயிலில் வாடிய செடியைப் பார்த்து மனம் இரங்கி நீரூற்றுவது செடிக்குத் தீமை; அப்போது குழாயில் வருவது வெந்நீரே. தில்லியில் நம்மவர் பெரும்பாலோர் சாமந்தியை இழப்பது இம்மாதங்களில்தான். காரணம் வெயில் மட்டுமன்று. பள்ளி விடுமுறை வருகிறது. குடும்பம் முழுதும் ரயிலேறி ஊருக்குப் போய்விடுகிறது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து பூட்டைத் திறக்கையில், தொட்டியில் எஞ்சியிருப்பது மண்தான். ஆதலின் ஊருக்குப் புறப்படுமுன் பால்காரருக்கும் செய்தித்தாள் போடுபவருக்கும் சொல்லி வைப்பது போல, சாமந்திக்கும் ஒரு வீட்டைப் பார்த்து வைக்க வேண்டும்.

இதில் அக்கறை ஏன் என்றால், சாமந்தி விதையால் தன் குலத்தைக் காப்பதன்று. விதை போட்டால் முளைக்கும். ஆனால் தாயைப் போல் பூக்கும் என்று சொல்ல இயலாது. ஒரு வகையின் நிறமும் மணமும் வடிவமும் கன்று வழியாகவோ நுனித் துண்டு வழியாகவோதான் அடுத்த ஆண்டுக்குச் செல்லும். நர்சரிக்காரர் விற்கும் பெரும்பூ வகைகளைப் பற்றிக் கவலையில்லை. அடுத்த ஆண்டும் வாங்கலாம். வீடுகளில் கைமாறிக் கைமாறி வரும் மணமுள்ள சிறு மஞ்சள் வகைக்கோ கடை இல்லை. அதை வைத்திருக்கும் நாலு வீடுகளும் ஒரு கோடையில் கைவிட்டால், அந்த வகை அத்துடன் முடிந்தது.

ஆடி பிறந்து மழை விழுந்ததும் தாய்ச் செடியின் கொழுந்திலிருந்து இரண்டு மூன்று அங்குல நுனித் துண்டுகளை வெட்டி, ஈர மணலில் ஊன்ற வேண்டும். மூன்று வாரத்திற்குள் வேர் விடும். இப்போது பகைமை வெயிலன்று. மழை நீர் தேங்குவது. தொட்டியின் துளை அடைபட்டால் வேர் அழுகிவிடும். வேர்விட்ட துண்டுகளை 4 அங்குலத் தொட்டியிலும், பின்னர் ஆவணியில் 8 அல்லது 10 அங்குலத் தொட்டியிலும் மாற்ற வேண்டும். மண் ஒரு பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு, இலை மட்கு ஒரு பங்கு, சிறிது மணல் என்பது நல்ல கலவை. புசா ரோட்டுப் பக்கம் ஆரவல்லிக் குன்றின் ஓரமாதலால் கல் மிகுந்த மண். சலித்தே எடுக்க வேண்டும். நட்டு நான்கு வாரமானதும் நுனியைக் கிள்ளினால் செடி கிளைவிடும். சரம் தொடுக்கச் சிறு பூக்கள் வேண்டுவோர் மீண்டும் ஒருமுறை கிள்ளலாம். பெரும்பூ வேண்டுவோர் கிளைகளை மூன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் நுனி மொட்டை வைத்துக்கொண்டு பக்க மொட்டுகளை அகற்ற வேண்டும். நம் கருத்தைக் கேட்டால், வீட்டுக்குச் சிறுபூவே அழகு. பெரும்பூவுக்குக் குச்சி கட்டி, நாள்தோறும் மொட்டுப் பொறுக்கி நிற்பவர் கண்காட்சிக்கு வளர்க்கிறார். நமக்கோ பூசைக்கும் கூந்தலுக்கும் வேண்டும்.

மொட்டு வந்ததும் அசுவினி என்னும் பூச்சி கொழுந்தில் மொய்க்கும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் போதும். தீபாவளிக்குப் பின் தில்லியில் புகைமூட்டம் கவிந்து இலைகளில் கரி படியும். காலையில் இலைகளை மட்டும் நீரால் கழுவலாம், மொட்டு நனையாமல்.

இவ்வளவும் செய்து, அண்டை வீட்டில் பூத்தும் தம் வீட்டில் பூக்கவில்லை என்று வருந்துவோர் உண்டு. உரம் போதவில்லை என்று மேலும் மேலும் சாணத்தைக் கொட்டுவர். செடியும் மேலும் மேலும் இலையாகவே தழைக்கும். அவர்கள் இரவில் வெளியே வந்து பார்த்தால் காரணம் விளங்கும். தெருவிளக்கு நேரே தொட்டி மேல் விழுந்துகொண்டிருக்கும். அல்லது திருடனுக்கு அஞ்சி வராந்தா விளக்கை விடிய விடிய எரியவிட்டிருப்பர். செடிக்கு அது இரவென்றே தெரிவதில்லை. ஒரே செடியில் விளக்குப் பக்கம் பசுமையாகவும் நிழற்பக்கம் மஞ்சளாகவும் நிற்கும் விந்தையும் நேர்வதுண்டு. செடியின் இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி வெளிச்சத்தை உணர்ந்து இவ்வேலையைச் செய்கிறது. மெட்ரோ ரயில் மேம்பாலமும், அதனடியில் கடை விளக்குகளும் வந்தபின் புசா ரோட்டில் இருள் அரிய பொருளாகிவிட்டது. ஆவணிக் கடைசியிலிருந்து மொட்டு நிறம் காட்டும் வரை தொட்டிகளை வீட்டின் பின்புறம், விளக்குப் படாத மூலைக்கு மாற்றிவிடுவதே வழி. கறுப்புத் துணியால் மூடுவோரும் உண்டு. அப்படியானால் மாலையில் மூடிக் காலையில் திறக்கத் தவறக் கூடாது.

பூத்த பிறகு வரும் இடர் ஒன்று உண்டு. விடியற்காலையில் உலாவச் செல்லும் பெரியவர்கள், கையில் ஒரு சிறு பையுடன், கம்பி வேலிக்கு வெளியே எட்டும் பூக்களையெல்லாம் பறித்துச் செல்வது தில்லிக் காலனிகளில் நெடுநாள் வழக்கம். சாமி பூசைக்குத்தானே என்பர். இதைப் பற்றித் திருச்சிராப்பள்ளியில் ஒரு பழைய வழக்கே இருக்கிறது. சாரமா முனிவர் செவ்வந்தி நந்தவனம் அமைத்து மலைமேல் உள்ள ஈசனுக்குச் சாத்தி வந்தார். பூவணிகன் ஒருவன் அம்மலர்களைத் திருடி உறையூர் அரண்மனைக்குக் கொடுத்தான். முனிவர் மன்னனிடம் முறையிட்டார், மன்னன் செவிசாய்க்கவில்லை. இறைவன் உறையூரை நோக்கி மேற்கே திரும்பி மண்மாரி பெய்வித்தான் என்பது தலபுராணக் கதை. அவ்வூர்ப் புராணத்திற்கே செவ்வந்திப் புராணம் என்று பெயர். தில்லியில் புழுதிக்காற்று வீசும்போதெல்லாம் இக்கதை நமக்கு நினைவு வரும். ஆயினும் மண்மாரியை வேண்டுவதைவிட, வேலியோரத் தொட்டிகள் இரண்டை அவர்களுக்கென்றே விட்டுவிடுவது நல்லது. கேட்டுப் பறிப்பவருக்கு அடுத்த மாசியில் ஒரு கன்றும் கொடுத்துவிட்டால், அவர் பிறகு காவற்காரராகிவிடுகிறார்.

கன்று கொடுப்பது குறித்து இன்னும் சிறிது கூற வேண்டும். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருப்போரும் வாடகை வீட்டில் இருப்போரும் கேட்பது ஒரு கேள்வி: நாளை மாற்றலாகிப் போகும் நமக்குப் பல்லாண்டுச் செடி எதற்கு? நியாயமான கேள்விதான். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வருகிறவர் மலரை விரும்புவாரோ, காரை நிறுத்த இடம் தேடுவாரோ தெரியாது. கரோல்பாகில் ஒரு காலத்தில் நெருக்கமாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்று துவாரகைக்கும் நொய்டாவுக்கும் மயூர் விகாருக்கும் சென்றுவிட்டன. புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோருள் பலர் தொலைவிலிருந்து வருகிறார்கள். ஆனால் நட்ட இடத்திலேயே நிற்கும் மாமரத்தையும் தென்னையையும் எண்ணிக்கொண்டு சாமந்தியைப் பற்றி முடிவு செய்யலாகாது. மாமரத்தை எடுத்துச் செல்ல முடியாது. சாமந்தி ஒரு தொட்டியிலிருந்து மாசியில் 10, 15 கன்றுகள் தரும். ஐந்தை நாம் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஐந்து வீடுகளில் கொடுத்து வைத்தால், ஒரு வீடு காலியானாலும் இன்னொரு வீட்டில் அவ்வகை இருக்கும். நாம் வேற்றூர் சென்று திரும்பி வந்தால் அங்கே கேட்டு வாங்கிக் கொள்ளலாம். கொடுக்கும்போது வகையின் நிறத்தையும் பூக்கும் மாதத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கமாக வேண்டும். குச்சியாக இருக்கும்போது எல்லாக் கன்றும் ஒன்று போலவே தோன்றும்.

ஓய்வு பெற்றுத் தமிழ்நாட்டுக்கே திரும்புவோரும் இதனைக் கொண்டு செல்லலாம். வேரோடு பிரித்த கன்றுகளை ஈரப் பாசியிலோ ஈரத் துணியிலோ சுற்றி, மேலே செய்தித்தாளைச் சுருட்டி, காற்றுப் புகும்படி அட்டைப் பெட்டியில் வைத்தால், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் தாங்கும். ஏ.சி. பெட்டியில் இருக்கையின் கீழே வைப்பது நன்று. ஜன்னலோர வெயில் ஆகாது. ஆனால் ஊர் சேர்ந்ததும் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். தில்லிச் சாமந்தி நெடிய கோடைப் பகலில் உயர்ந்து வளர்ந்து பழகியது. தென்னாட்டில் நட்டவுடனே பகல் குறுகியதாக இருப்பதால், ஓரடி வளருமுன் மொட்டுக் கட்டிவிடும். முதலில் வரும் மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிந்து, வேரை ஊன்றவிட வேண்டும். பின்னர் ஆனியில் நுனித் துண்டு எடுத்து நட்டு, அவை ஓரளவு உயரும் வரை, இங்கே எந்த விளக்கிலிருந்து ஒளித்து வைத்தோமோ அத்தகைய விளக்கு ஒன்றை அதன் மேல் எரியவிடலாம். ஓசூரிலும் நீலகிரியிலும் பசுமைக் குடில்களில் வெட்டுமலருக்காக வளர்ப்போர் செய்வதும் இதுவே. விடிய விடிய எரிய வேண்டியதில்லை. இரவு 10 மணி முதல் 2 மணி வரை போதும். ஆவணி பாதியில் நிறுத்திவிட்டால், கார்த்திகைக்குப் பூ வந்துவிடும்.